மருந்தடிப்பவருக்கும் பாடம் வேண்டும்



போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்கள் பாடுபடும் ஏலச்செடியின் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? செடியின் அடித்தூரிலிருந்து கிளம்பும் சரத்தில் அது பூக்கிறது. விடியற்காலையில் விரியும் பூ மறுநாள் வாடிவிடும். சூல்முடி மகரந்தப் பைக்கு மேலே நீண்டிருப்பதால், தானாக மகரந்தச் சேர்க்கை நடப்பதில்லை. தேனீ வந்தால்தான் காய். தேனீக்கள் மிகுதியாக வருவதோ முற்பகலில்.

அந்த நேரத்தில் பூச்சிமருந்து தெளித்தால் என்ன ஆகும்? தண்டைத் துளைக்கும் பூச்சியோடு, காயைத் தரும் பூச்சியும் மடியும். முகத்தை மூடாமல் தெளிப்பவரின் மூச்சிலும் அந்த நஞ்சு கலக்கும். ஆகவே பூக்கும் காலத்தில் தெளித்தே தீர வேண்டுமானால், தேனீக்கள் போன பின் பிற்பகலில் தெளிக்க வேண்டும்.

இதை அறிந்த நிபுணர்கள் நம்மிடம் இல்லையா? இருக்கிறார்கள். மயிலாடும்பாறையில் 1978 முதல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. மருந்துக் கடைக்காரர்களுக்குக்கூட ஐதராபாத்தின் 'மானேஜ்' நிறுவனம் 2003 முதல் ஓராண்டுப் பயிற்சி தருகிறது. ஆனால் தெளிப்பான் இருப்பது தொழிலாளியின் கையில் அல்லவா? அந்தக் கைக்கு அறிவு சேராவிட்டால் ஆராய்ச்சியால் என்ன பயன்?

1977இல் திபிலீசி நகரில் கூடிய உலக மாநாடு, சுற்றுச்சூழல் கல்வி பள்ளிக்கு உள்ளேயும் வெளியேயும் எல்லா வயதினருக்கும் வேண்டும் என்றது. இயற்கையைப் பாதிக்கும் தொழில்களைச் செய்வோருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்றும் சொன்னது. 1991இல் நம் உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்களில் இது கட்டாயப் பாடமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாடம் வந்தது, அதையும் மனப்பாட வினாவாக்கிவிட்டோம். தொழில் செய்வோரின் பயிற்சியோ பின்தங்கிவிட்டது.

என் கருத்து இதுதான்: ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பவருக்கு, கூலி இழப்பில்லாமல், அவர் பேசும் தமிழில், தோட்டத்திலேயே பயிற்சி தர வேண்டும். இது தயவு அன்று, அவருடைய உரிமை. மகசூலைக் காப்பதால் தோட்ட முதலாளிக்கும் இலாபமே.

நீங்களும் ஒன்று செய்யலாம். பூச்சிமருந்துக் கலங்களில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் கடுமை குறையும். பச்சையும் நஞ்சுதான்! கலத்தைத் தொடாதீர்கள். ஆனால் மலைக்குப் போய் வரும் அப்பாவிடமும் அத்தையிடமும் இன்றிரவே இதைச் சொல்லுங்கள். நாளை நீங்கள் பொறியாளராகவோ வேளாண்மை அதிகாரியாகவோ ஆகும்போது, அந்த ஜீப்பில் போகிறவர்களை மறவாதீர்கள்.