சிவப்பிலே எத்தனை சிவப்பு!

என் தமக்கையார் மகளின் திருமணத்துக்கு வெள்ளவத்தையில், காலி வீதிக் கடையொன்றிற் கூறைச்சேலை எடுத்தார்கள். அரக்கு நிறம். தோழிப் பெண்ணுக்கு அதே நிறத்திற் பட்டுத் துணியை இலண்டனிலுள்ள உறவினர் அனுப்புவதாக ஏற்பாடு. கைத்தொலைபேசிப் படத்தில் நிறம் மாறித் தோன்றுமென்று அஞ்சி, அதன் ஆங்கிலப் பெயரை எழுதித் தருமாறு என்னைக் கேட்டார்கள். கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவன் அல்லவா? சேலையைப் பாராமலே 'ஸ்கார்லெட்' என்று எழுதிக் கொடுத்தேன்.

வந்த துணியோ செவ்வரத்தம்பூவைப் போல ஒளிவிட்டது. கூறையின் அருகே வைத்துப் பார்க்கவே கண் கூசிற்று. "தம்பி, நீ படிப்பிக்கிற இங்கிலீசிலே சிவப்பு ஒன்றுதானோ?" என்றார் தமக்கையார். மணநாளுக்கு மூன்று வாரமே இருந்தது.

சிறிய அகராதிகள் இச்சொற்களுக்கெல்லாம் பெரும்பாலும் 'செந்நிறம்' என்றே பொருள் கூறிவிடுகின்றன. ஆதலின் ஒவ்வொரு சொல்லையும் நாம் கண்ட பொருளொன்றுடன் இணைத்து மனத்திற் கொள்வதே நன்று.

ஸ்கார்லெட் என்பது ஆதியில் விலையுயர்ந்த கம்பளித் துணியொன்றின் பெயர். பின்னரே நிறத்தின் பெயராயிற்று. செவ்வரத்தம்பூவின் பளிச்சிடும் சிவப்பு அது. வெர்மிலியன் இன்னும் சற்றுச் செம்மஞ்சள் சார்ந்தது. இரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கத்தின் நிறம்.

கிரிம்சன் ஆழ்ந்த சிவப்பு. நீலச்சாயல் சிறிது கலந்தது. முதிர்ந்த மாதுளை முத்தை நினைத்துக்கொள்ளலாம். கருவாலி மரத்தில் வாழும் சாயப் பூச்சியொன்றின் அரபுப் பெயரிலிருந்து பிறந்த சொல் இது. நம்முடைய அரக்கும் பூச்சி தருவதே என்பதை இங்கு நினைவுகூரலாம்.

மரூன் என்பது கபிலம் கலந்த இருண்ட சிவப்பு. கபிலநிறத் தோலுடைய கொட்டையொன்றின் பிரெஞ்சுப் பெயரே அதற்கு மூலம். நமது தேசியக் கொடியிற் சிங்கத்தின் பின்னணியாக உள்ளது அந்நிறமே. அரக்குக் கூறைக்கு நான் எழுதியிருக்க வேண்டிய சொல்லும் அதுவே.

தமக்கையார் இம்முறை என்னிடம் சொற் கேட்கவில்லை. முந்தானைக் குஞ்சத்திலிருந்து நூலொன்றைக் கத்தரித்து, இலண்டன் சென்ற அயலவர் ஒருவரிடம் உறையிலிட்டுக் கொடுத்துவிட்டார். நிறம் பிசகாமல் துணி வந்து சேர்ந்தது. நான் கற்ற நூல்கள் செய்யத் தவறியதை அந்த ஒற்றை நூல் செய்து முடித்தது!