கிட்னியைக் கெடுப்பது மாத்திரையா?

“சுகர் மாத்திரை ரொம்ப நாள் போட்டா கிட்னி போயிடும்.” காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில், கூட்டுறவுச் சங்க வாசலில், சன்னதித் தெரு டீக்கடையில் என்று எங்கே நின்றாலும் காதில் விழும் பேச்சு இது. இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லை. சொல்பவர் கையோடு ஒரு சாட்சியும் வைத்திருப்பார்: “எங்க பெரியப்பா பத்து வருஷம் மாத்திரை போட்டார். கடைசியில டயாலிசிஸ்தான்.”

பெரியப்பா மாத்திரை போட்டது உண்மை. டயாலிசிஸுக்குப் போனதும் உண்மை. முன்னதால்தான் பின்னது வந்தது என்பது பொய். அந்தப் பத்து வருஷமும் அவர் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா என்று யாரும் கேட்பதில்லை. ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்களை ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் சிதைப்பவை அந்தச் சர்க்கரையும் கூடவே வரும் ரத்தக்கொதிப்பும்தான்.

இந்தப் புரளிக்கு ஒரு வேர் உண்டு. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சிறுநீர் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் தளர்ந்தால் அது உடலில் தேங்கும். அதனால் வடிகட்டும் திறன் குறையக் குறைய மருத்துவர் மருந்தளவைக் குறைப்பார். அந்தத் திறன் 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார். சிறுநீரகம் கெட்டதால் மருந்து நின்றது. ஊரோ, மருந்தால் சிறுநீரகம் கெட்டது என்று தலைகீழாகப் புரிந்துகொண்டது.

பிரிட்டனில் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 1998-இல் வெளியானது. மருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்திருந்தன. இன்று டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைச் சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள்.

வெளிநாட்டுக் கணக்கு வேண்டாம் என்பவர்கள் சூணாம்பேட்டைப் பார்க்கலாம். அது அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம், இன்று செங்கல்பட்டு. டாக்டர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2006 முதல் அங்கே 42 கிராமங்களுக்கு மருத்துவ வேன் அனுப்பி, 23,380 பேரைப் பரிசோதித்தது. 1,138 பேருக்கு நீரிழிவு. உள்ளூரிலேயே முறையான சிகிச்சை கிடைத்ததும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு ஒரே ஆண்டில் 9.3-லிருந்து 8.5-ஆக இறங்கியது. மேல்சிகிச்சைக்குச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

சிறுநீரகத்தின் மீது இவ்வளவு அக்கறை கொண்ட ஊர், அதை உண்மையிலேயே கெடுக்கும் மாத்திரையைக் கேள்வி கேட்காமல் விழுங்குகிறது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் மிதித்தால் இடுப்பு கழன்றுபோகும். உடனே மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக். சர்க்கரை நோயாளி வாரக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். மெட்ஃபார்மினுக்கு அஞ்சுகிறவர் இதற்கு அஞ்சுவதில்லை. பெயரோ பட்டியலோ இல்லாத பொட்டலத்தில் வரும் ‘சுகர் பொடி’க்கும் அஞ்சுவதில்லை.

அந்தப் பொடி விற்பவர்தான் “ஒரு மண்டலம் இங்கிலீஷ் மருந்தை நிறுத்துங்க” என்கிறார். ஒரு மண்டலம் என்றால் 48 நாள். அதற்குள் சர்க்கரை 400, 500 என்று ஏறலாம். அடங்காத தாகம், ஓயாத சிறுநீர், பிறகு வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேக மூச்சு, மயக்கம். இதை ‘கேஸ்’ என்று நினைத்து சோடா குடித்துப் படுத்தால் உயிர் போகும். 108-ஐ அழைக்க வேண்டிய நேரம் அது. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் இந்த நிலை வரச் சில நாட்கள்கூட ஆகாது.

மாத்திரைக்குப் பக்கவிளைவே இல்லையா? உண்டு. மெட்ஃபார்மின் வயிற்றைப் புரட்டும்; நாளடைவில் பி12 சத்தைக் குறைக்கும். கிளிமிபிரைடு மாத்திரையும் இன்சுலினும் சர்க்கரையை 70-க்குக் கீழே இறக்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். இவையெல்லாம் மருத்துவரிடம் பேசி மருந்தையோ அளவையோ மாற்றிக்கொள்வதற்கான காரணங்கள். யாரையும் கேட்காமல் நிறுத்துவதற்கான காரணங்கள் அல்ல.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அது டப்பாவிலேயே கிடந்தால் யாருக்கு லாபம்? கோர்வைச் சேலைத் தறியில் இருவர் உட்கார வேண்டும். ஒருவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தால் அடுத்தவர் கூலியும் போகும்.

சிறுநீரகத்தின் மீது உண்மையிலேயே அக்கறை இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பாருங்கள். கிரியாட்டினின் ஏறும்போது பாதிச் சேதம் முடிந்திருக்கும்; அல்புமின் அதற்கு வெகு முன்பே காட்டிக்கொடுக்கும். ரத்தக்கொதிப்பைக் கட்டுப்படுத்துங்கள். வலி மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். சுகர் மாத்திரையை இன்றைக்கும் போடுங்கள், நாளைக்கும் போடுங்கள்.