அம்மா என்று தேடினால் உம்மா கிடைக்காது

கைத்தொலைபேசி ஒன்று இருந்தால் குறும்படம் எடுத்துவிடலாம் என்ற துணிவு மட்டக்களப்பு இளைஞர்களுக்கு வந்துவிட்டது. வரவேற்கிறேன். ஆனால் அவை சென்னைத் திரைப்படங்களின் மங்கிய பிரதிகளாகவே ஏன் இருக்க வேண்டும்? மனிதரைப் படம்பிடித்து, அந்தத் துண்டுகளைக் கொண்டே கதை சொல்லும் சிறு கணினி விளையாட்டுகளைச் செய்தால் என்ன?

"எங்கள் துயரம் உமக்கு விளையாட்டா?" என்று முகம் சுளிப்போர் சற்றுப் பொறுத்தருள்க.

2015இல் சாம் பார்லோ என்ற பிரித்தானியர் 'ஹெர் ஸ்டோரி' என்ற விளையாட்டை வெளியிட்டார். திரையில் நடித்தவர் வீவா சைஃபர்ட் என்ற ஒரே நடிகை. கணவன் காணாமற்போன ஒருத்தியிடம் 1994இல் பொலிஸார் நடத்தியதாகக் கற்பனை செய்யப்பட்ட ஏழு விசாரணைகள், துண்டு துண்டாக ஒரு களஞ்சியத்தில் கிடக்கின்றன. ஆடுபவர் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டும். அச்சொல் வரும் துண்டுகளில் முதல் ஐந்து மட்டுமே திறக்கும். சுடுவதில்லை, துரத்துவதில்லை. கேட்பதும் சிந்திப்பதுமே ஆட்டம்.

செலவும் குறைவு. சந்திக்குச் சந்தி கதை இரண்டாகப் பிரிந்துகொண்டே போனால், ஐந்தாவது சந்தியில் 32 முடிவுகளைப் படம்பிடிக்க வேண்டும். அத்தகைய கிளைக்கதையாக 2018இல் 'பாண்டர்ஸ்னாட்ச்' எடுத்த நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே 2025இல் அதைத் தன் தளத்திலிருந்து அகற்றிவிட்டது. தேடல் முறைக்கோ ஒரு கதிரை, ஒரு கமரா, தெளிவாகப் பேசும் சிலர் போதும்.

இந்த வடிவம் ஏறாவூருக்கு ஏன் வேண்டும்? 1990 ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவு அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆம் திகதி, ஏறாவூருக்கும் மட்டக்களப்பு நகருக்கும் இடையிலுள்ள சத்துருக்கொண்டானில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். ஒரே வாவி, ஒரே மொழி, இரு வேறு நினைவுநாள்கள். இதைக் குறும்படமாக்கினால் இயக்குநர் தன் பக்கத்தை முன்வைப்பார். பார்ப்பவர் தலையாட்டுவார், அல்லது எழுந்து போவார்.

இருபுறத்துச் சாட்சியங்களையும் நடிகர்களைப் பேசவைத்து ஒரே களஞ்சியத்தில் இட்டுப் பாருங்கள். தமிழ்ப் பிள்ளை 'அம்மா' என்று தேடும். உம்மாவை இழந்தவரின் துண்டு வராது. 'அக்கா' என்றால் 'ராத்தா' வரமாட்டாள். முஸ்லிம் பிள்ளைக்கும் இதே கதிதான். அயல்வீட்டுச் சொல்லைக் கற்றாலன்றி மறுபாதி திறக்காது. எந்தச் சமாதானக் கருத்தரங்கு இதைக் கற்பித்தது?

செய்வோர் மூன்றை மனங்கொள்ள வேண்டும். முதலாவது: வீடு, வீட்டில், வீட்டுக்கு எனத் தமிழ்ச்சொல் உருமாறுவதால், ஒவ்வொரு துண்டுக்கும் வேர்ச்சொற்களைக் கையாலேயே குறித்து வையுங்கள். ஆனால் வசதி கருதி அம்மாவையும் உம்மாவையும் ஒரே குறிப்பில் கட்டிவிடாதீர்கள். ஆட்டத்தின் உயிரே அங்குதான். இரண்டாவது: உறவினரின் சம்மதமின்றி எவருடைய கதையையும் தொடாதீர்கள். மூன்றாவது: "யாரைக் காப்பாற்றுவீர்?" என்றொரு பொத்தானை ஒருபோதும் வைக்காதீர்கள். இறந்தோரை விரல்நுனியில் மீட்டுத்தரும் ஆட்டம் பொய்யானது. அதுவே உண்மையில் துயரத்தை விளையாட்டாக்குவது.

ஏறாவூருக்கு அருகே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லடியில் விபுலானந்தரின் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கணினி கற்றோரும் நடிக்கக் கற்றோரும் ஒரே மாவட்டத்தில் இருக்க, இல்லாதது எண்ணம் மட்டுமே. அந்த இரவுகளைக் கண்டவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். சொல்ல ஆளிருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.