கீறல் படக்கூடாத வண்டி

போன மாதம் என் அத்தை வீடு மாறினார். ஆயர் ஈத்தாமில் இருபது வருஷமாக வாடகைக்கு இருந்த அடுக்குமாடி வீட்டை விட்டு, பாயான் லெப்பாஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு. சாமான் அதிகமில்லை. ஒரு ஃபிரிட்ஜ், ஒரு துணி துவைக்கும் இயந்திரம், மரத்தில் செய்த சாமி மேடை, நாலைந்து மூட்டை. எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு பிக்-அப் உண்டு. மச்சான் அதை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவரிடம்தான் கேட்டேன்.

“ரெண்டு டிரிப் அடிச்சா முடிஞ்சிடும் மச்சான்.”

“டேய், இப்பதான் உள்ள லைனர் அடிச்சிருக்கேன். ஃபிரிட்ஜு கால் பட்டா கீறிடும்டா. ஒரு லோரி பேசிக்கலாம். வேணும்னா காசு நான் தரேன்லா.”

சொன்னபடி காசும் கொடுத்தார். மச்சான் கஞ்சனில்லை, கல்நெஞ்சக்காரரும் இல்லை. அத்தைக்கு மருந்துச் செலவு என்றால் முதலில் நிற்பவர் அவர்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு மோசமான மனிதரின் கதையாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டுப் போய்விடலாம். நல்ல மனிதர் ஒருவர், ஏறக்குறைய ஒரு டன் சுமக்கும் வண்டியை வைத்துக்கொண்டு, ஒரு ஃபிரிட்ஜைத் தூக்க வாடகைக்கு வேறொரு லோரி பிடித்துக் கொடுக்கிறார். அதில் அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை. அங்கிருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதுதான் இன்னும் மோசம்.

லைனர் என்பது என்ன? பிக்-அப்பின் பின்னாலுள்ள திறந்த தொட்டியில் சுமை ஏற்றும்போது தகரம் கீறாமல் இருக்க அடிக்கிற ரப்பர் போன்ற கெட்டிப் பூச்சு. கீறல்களைத் தன்மேல் வாங்கிக்கொள்வதற்காகவே இருக்கும் பொருள் அது. இப்போது அந்த லைனர் கீறக்கூடாதாம். அப்படியானால் லைனருக்கு ஒரு லைனர் வேண்டும். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மச்சான் அதன்மேல் ஒரு ரப்பர் விரிப்பும் போட்டிருக்கிறார். அதற்கும் மேலே மடக்கு மூடி. அதற்குப் பூட்டு. பூட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு குடை, ஒரு ஜோடி சிலிப்பர், கார் கழுவும் வாளி.

முன்பக்கம் புல் பார். கூரையில் எல்ஈடி விளக்கு வரிசை. தொட்டிக்கு மேல் கறுப்பு ரோல் பார். கதவுக்கெல்லாம் மழை மறைப்பு, கைப்பிடிக் குழிக்குக்கூட ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். உடம்பு முழுக்க செராமிக் பூச்சு. உள்ளே இருக்கைகளில் கடையில் வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. மொத்தம் எட்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி. வண்டிக்கோ ஒன்பது வருஷக் கடன்.

உலகத்தில் அதிகம் தெரிந்த பிக்-அப் டோயோட்டா ஹைலக்ஸ். ஜப்பானில் அது 1968-ல் வந்தபோது சுமை தூக்குவதற்கென்றே செய்த எளிய வண்டி. ஆனால் அதன் பெயர், உயர்வு, சொகுசு என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்தது. பெயரில் மட்டும் இருந்த சொகுசை ஐம்பது வருஷம் கழித்து நாம் நிஜமாக்கிவிட்டோம். 2003-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சியில் ஒரு பழைய டீசல் ஹைலக்ஸைக் கடலில் ஊறவைத்தார்கள், தீ வைத்தார்கள், இடிக்கப்போகும் கட்டடத்தின் உச்சியில் நிறுத்திக் கட்டடத்தோடு சேர்த்து விழவைத்தார்கள். அதன் பிறகும் அது கிளம்பியது. அப்பேர்ப்பட்ட இனத்தில் வந்த வண்டிகளை நாம் பிளாஸ்டிக் கிண்ணம் ஒட்டி நகக்கீறலிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

சரி, பாதுகாப்பு என்றே எடுத்துக்கொள்வோம். இந்தச் சாமான்கள் எதைப் பாதுகாக்கின்றன?

தொட்டிக்கு மேல் நிற்கும் அந்த ரோல் பார், வண்டி உருண்டால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். பந்தய வண்டிகளில் இருப்பது அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்த கூண்டு. நம் கடைகளில் மாட்டித் தருவதில் பெரும்பாலானவை தொட்டியின் ஓரத் தகரத்தில் போல்ட் போட்டு நிறுத்தியவை. அழகுக்கு இருக்கலாம், ஆபத்துக்கு உதவாது. செராமிக் பூச்சு மழைத்துளியை உருளவைக்கும், கழுவுவதைச் சுலபமாக்கும். கல் தெறித்தால் தடுக்காது. கல்லைத் தடுப்பது பாலியூரித்தேன் படலம், அது வேறு விலை. தட்டு மாதிரி பொருத்தும் பிளாஸ்டிக் லைனரோ, அடியில் மணலும் மழைநீரும் புகுந்துவிட்டால் தானே உப்புத்தாள் போலத் தேய்க்கும். மேலே பளபளப்பாக இருக்கும், அடியில் துரு ஓடும். அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சு என்பது பனி உருக ரோட்டில் உப்புத் தூவும் நாடுகளில் பெரிதான வியாபாரம். இங்கே கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவருக்கு அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் கழுவிக் காயவைக்காமல் அழுக்கின்மேல் அடித்தால், தண்ணீர் வடியும் துளைகளை அடைத்தால், அந்தப் பூச்சே ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும்.

புல் பாரைப் பற்றித்தான் எனக்குக் கோபம் அதிகம். வண்டியின் முன்பகுதி மோதலில் நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்படுகிறது. அது நசுங்கினால்தான் அடியின் வேகம் குறையும். அதன்முன் விறைப்பான இரும்புக் குழாயைக் கட்டினால் வண்டிக்குக் கீறல் படாது, எதிரே வருகிறவரின் தொடை எலும்பு உடையும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே, நடந்துபோகிறவர்களுக்கு ஏற்படும் காயத்தைக் கணக்கில் எடுத்து, இத்தகைய முன்தடுப்புகளுக்குச் சோதனை கட்டாயம் என்று சட்டம் போட்டது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், முன்முகம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த முன்முகம் கொண்ட வண்டிகளைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. இந்த உயரத்தைத்தான் நாம் காசு கொடுத்து இன்னும் இரண்டு அங்குலம் ஏற்றுகிறோம்.

ஜார்ஜ்டவுன் ரோடுகளை நினைத்துப் பாருங்கள். சூலியா ஸ்ட்ரீட்டில் அஞ்சடியை மேசையும் மோட்டார் சைக்கிளும் அடைத்துக்கொண்டபின் ஜனங்கள் ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார்கள். குயின் ஸ்ட்ரீட்டில் பூ வாங்க வரும் பாட்டியின் தலை, உயர்த்திய பிக்-அப்பின் பானெட்டுக்கு மேலே தெரியாது. அங்கே புல் பார் எந்தக் காளையைத் தடுக்க?

“இதையெல்லாம் ஏன் இலக்கிய இதழில் எழுதுகிறாய், கார் பத்திரிகைக்கு அனுப்பு” என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நம் எஸ்டேட் கதைகளைப் படித்து வளர்ந்த யாருக்கும் லோரி ஒரு வாகனம் மட்டுமல்ல. விடியலில் பெரட்டுக்குப் பிறகு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் லோரி. தோட்டம் துண்டாடப்பட்டபோது தட்டுமுட்டுச் சாமானையும் கோழிக்கூண்டையும் கிழவியையும் ஒன்றாக ஏற்றிப் பட்டணத்து ஓரத்தில் கொட்டிவிட்டுப் போன லோரி. நம் தாத்தா பாட்டிகள் பின்னால் நின்றுகொண்டு போனவர்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு, வளைவில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு. வண்டியின் கணக்கில் அவர்களும் சுமைதான்.

அதனால் மச்சானின் மனசு எனக்குப் புரியாமல் இல்லை. சுமையாக ஏற்றப்பட்டவர்களின் பேரன், பின்னால் யாரும் ஏறாத, எதுவும் ஏறாத வண்டியை வைத்திருக்க ஆசைப்படுகிறான். தொட்டி சுத்தமாக இருப்பதே அவனுக்கு விடுதலை. ‘நான் தூக்குகிறவன் இல்லை, ஓட்டுகிறவன்’ என்று அந்த வண்டி ஊருக்குச் சொல்கிறது. இதை வெறும் பகட்டு என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு நம் வரலாறு தெரியவில்லை.

ஆனால் அந்த விடுதலை எங்கே போய் நிற்கிறது? மச்சான் சின்னக் குத்தகைக்காரர். வீடு புதுப்பிக்கும் வேலை. அவரிடம் இன்னொரு பழைய லோரி இருக்கிறது. சிமெண்டு மூட்டையும் சாரமும் அதில்தான் போகும். அவற்றுக்கு மேலே வங்காளதேசத்துத் தம்பிகள் ஐந்து பேர் உட்கார்ந்து போவார்கள். 2009 ஜனவரியிலிருந்து இந்த நாட்டில் காரின் பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம். அவர்கள் உட்காரும் இடத்தில் சீட்டே இல்லை. புது வண்டியில் ஐந்து சீட்டு, ஐந்து பெல்ட், அதன்மேல் கிழியாத பிளாஸ்டிக் உறை. “காலையில சைட்டுக்கு ரெண்டு பேரையாவது இதுல கூட்டிட்டுப் போகலாமே மச்சான்?” என்று கேட்டேன். “சிமெண்டுக் காலோட ஏறுவானுங்கடா” என்றார்.

இதே வார்த்தையை நம் தாத்தாவைப் பார்த்து ஒரு துரை சொல்லியிருப்பான். ‘சிமெண்டு’ இருந்த இடத்தில் ‘பால்’ இருந்திருக்கும்.

மச்சான் ஒருவர் மட்டுமா? சிங்கப்பூரில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் இன்றும் லோரியின் பின்னால்தான் வேலைக்குப் போகிறார்கள். அங்கே 2011-ல் அந்த லோரிகளுக்குக் கூரையும் உயரமான பக்கத் தடுப்பும் கட்டாயமாக்கினார்கள். பெல்ட் வைத்த பேருந்து கேட்டவர்களுக்கு வந்த பதில், செலவு அதிகம் என்பதே. செலவு என்ற சொல் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று கவனியுங்கள். எல்ஈடி வரிசை வாங்கும்போது அது வருவதில்லை.

அலங்காரமே வேண்டாம் என்று சொல்ல நான் சாமியார் இல்லை. வண்டியை அலங்கரிப்பது நம் ரத்தத்திலேயே இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2017 முதல் குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து தங்க ரதமும் வேலைச் சுமந்துகொண்டு வருகிறது. அவற்றைவிட அலங்கரித்த வண்டி இந்தத் தீவில் இல்லை. ஆனால் அவை போகும் ரோட்டைப் பாருங்கள். வழிநெடுக உடைத்த தேங்காய், இளநீர், கற்பூரப் புகை, சேறு. அதன்மேல்தான் தண்ணீர்மலை வரைக்கும் சக்கரம் உருள்கிறது. வெள்ளியில் கறை படும் என்று யாரும் ரதத்தை உறைபோட்டுக் கொட்டகையில் நிறுத்திவைப்பதில்லை. சுமப்பதற்குத்தான் அந்த அலங்காரமே. சாமியை இறக்கிவிட்டு வெறும் ரதத்தை ஊர்வலம் விட்டால் யார் கும்பிடுவார்கள்?

புது பிக்-அப் வாங்கியிருக்கும், வாங்கப்போகும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். கோவிலில் நிறுத்திப் பூசை போடுங்கள், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வையுங்கள். தொட்டிக்கு லைனர் அடியுங்கள். வழுக்காது, சாமான் ஆடாது. அடித்தபின் அதன்மேல் சாமான் ஏற்றுங்கள். சுமையைக் கட்ட நல்ல வளையமும் வலையும் பட்டையும் வாங்குங்கள், ரோல் பார் விலையில் பாதிகூட ஆகாது. பின்பக்கக் கேமரா வையுங்கள், பின்னால் நிற்கும் குழந்தை தெரியும். டயருக்குச் செலவு பண்ணுங்கள், மழையில் பினாங்குப் பாலத்தில் பிரேக் பிடிக்கும்போது செராமிக் பூச்சு வந்து நிற்காது. 2024 ஜூன் 10-ல் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோது எல்லோரும் கத்தினோம். புல் பாரும் கெனப்பியும் தினமும் குடிக்கும் டீசலையும் அந்தக் கணக்கில் சேருங்கள். முதல் கீறல் விழுந்த அன்றைக்கு வருத்தப்படுங்கள், தப்பில்லை. மறுநாள் வேலைக்கு எடுத்துப் போங்கள்.

இருக்கையில் ஒட்டியிருக்கும் அந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் தயவுசெய்து இன்றைக்கே கிழியுங்கள். யார் உட்காரலாம், யார் உட்காரக்கூடாது என்று முடிவுசெய்வது அதுதான்.

அத்தையின் சாமி மேடை லோரியில் இடமில்லாமல் இன்னும் என் வீட்டு வாசலில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்குப் போன் போடப்போகிறேன். சாமி சாமான் என்றால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். தூக்கி வைக்க அந்த வங்காளதேசத்துத் தம்பிகளில் இரண்டு பேரையும் கூப்பிடச் சொல்லுவேன். திரும்பி வரும்போது அவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.