கணினி பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு

இந்தியாவில் 20 வீதம் எதனோல் கலந்த இ-20 பெற்றோல் 2025இல் நாடெங்கும் வழமையான எரிபொருளாகியது. முதலில் 2030க்கென வைக்கப்பட்டிருந்த இலக்கு ஐந்தாண்டுகள் முன்னதாகவே எட்டப்பட்டது. எரிபொருட் செலவு கூடிவிட்டதென வாகன உரிமையாளர்கள் முறையிட்டபோது, வாகனத்திலுள்ள கணினி எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளும் என்று சிலர் ஆறுதல் கூறினர். இந்த ஆறுதல் ஓர் அரை உண்மை. முழுப் பொய்யைவிட அரை உண்மையே அதிக காலம் வாழ்கிறது என்பதால் இதனை எழுத நேர்கிறது.

ஒரு கிலோ பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எதனோலுக்கு 9 கிலோ போதும். இ-20க்கு இந்த அளவு 13.5 அளவில் நிற்கிறது. அதாவது, அதே காற்றுக்குக் கூடுதலான எரிபொருளைச் செலுத்தியாக வேண்டும்.

காற்று மாறினால் கணினி அதனை நேரடியாக அறியும். 2,240 மீற்றர் உயரத்திலுள்ள உதகமண்டலத்துக்கு ஏறும்போது காற்றழுத்தம் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைகிறது. அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் உணரிகள் அதனைச் சொல்லிவிடுகின்றன. ஆனால், தாங்கியில் என்ன ஊற்றப்பட்டது என்பதைக் காணும் கண் சாதாரணக் கார்களில் இல்லை. எரிந்து முடிந்த பின் புகையில் மிஞ்சும் ஒட்சிசனைக் கொண்டு கணினி ஊகிக்கிறது. அந்தத் திருத்தத்துக்கும் எல்லையுண்டு. குளிர்ந்த இயந்திரத்தை இயக்கும் வேளையிலும் முழு வேகத்துக்கு மிதிக்கும் வேளையிலும், முன்பே எழுதிவைக்கப்பட்ட அட்டவணையையே கணினி பெரிதும் நம்புகிறது. அந்த அட்டவணை எந்த எரிபொருளுக்காக எழுதப்பட்டது என்பதே கேள்வி.

2020 ஏப்ரலுக்கு முன் விற்கப்பட்ட மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை காபரேற்றர் கொண்டவை. அவற்றில் எரிபொருளைத் திருத்தும் கணினியே இல்லை. இல்லாத கணினி எதைப் பார்த்துக்கொள்ளும்? கணினி இருந்தாலும், எதனோல் அரிக்கும் பழைய இறப்பர்க் குழாயை அது மாற்றித் தருமா?

இழப்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டுத் திட்ட அறிக்கையே, எதனோலற்ற பெற்றோலுக்கென வடிவமைத்து இ-10க்குச் சீர்செய்த நான்கு சக்கர வாகனங்களில் எரிபொருட் திறன் 6 முதல் 7 வீதம் வரை குறையும் என்றது. பழைய வாகனங்களுக்காக இ-10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றும் அது கூறியது. முதற்பகுதி மறக்கப்பட்டது, இரண்டாம் பகுதி கைவிடப்பட்டது. எதனோலற்ற பெற்றோலையும் தெளிவான அறிவிப்பையும் கோரிய பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி தள்ளுபடி செய்தது.

பிரேசிலைப் பாருங்கள் என்கிறார்கள். பார்ப்போம். 1975இலேயே எதனோல் திட்டத்தைத் தொடங்கிய நாடு அது. 2003இல் வொக்ஸ்வாகன் கோல் கார் எந்தக் கலவையிலும் ஓடும் வண்ணம் அங்கு விற்பனைக்கு வந்தது. அதன் கணினியும் ஒட்சிசன் உணரியைக் கொண்டே ஊகித்தது. ஆயினும், அந்த ஊகத்துக்கென்றே தொழிற்சாலையில் எழுதப்பட்ட நிரல் அதிலிருந்தது. எதனோலா, கலவைப் பெற்றோலா என்று விலையைக் கணக்கிட்டுத் தெரிவுசெய்யும் உரிமை ஓட்டுநரிடம் இருந்தது. அமெரிக்காவில் இ-15 விற்கும் பம்பில், எந்த ஆண்டுக்குப் பிந்திய கார்களுக்கு உரியது என்ற எச்சரிக்கை ஒட்டப்பட வேண்டும்.

நான் எதனோலுக்கு எதிரியல்லன். கரும்பு விவசாயிக்குப் பணம் சேர்வதும் எண்ணெய் இறக்குமதி குறைவதும் நல்லவையே. அந்த நன்மையின் விலையைப் பழைய மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் மட்டும், அவனுக்குச் சொல்லாமலே, கட்ட வேண்டும் என்பதைத்தான் எதிர்க்கிறேன். பம்பில் கலவை அளவை எழுதுங்கள். இ-10ஐத் திரும்பத் தாருங்கள். திருத்தக்கூடிய கணினிகளுக்குப் புதிய அட்டவணையை நிறுவனங்கள் இலவசமாக வழங்கட்டும்.

எரிபொருளை மாற்றியது அரசு. பொறுப்பைக் கணினியின் தலையில் கட்டுவது நியாயமன்று.