மின்னலுக்குக் கீழே ஓர் ஏரி

உலகிலேயே அதிகம் மின்னல் வெட்டும் இடம் எது? விநாடி வினாப் புத்தகங்களில் இந்தக் கேள்வியைத் தவறாமல் போட்டோம். வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரி என்று பிள்ளைகளுக்கு விடையும் சொல்லிக் கொடுத்தோம். அதோடு விட்டுவிட்டோம். அறிவியல் எழுதுகிறவர்கள், பயணக் கட்டுரை போடுகிறவர்கள், படித்து வியந்தவர்கள் என்று எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

வானத்தைப் பற்றி எழுதியதில் நாம் குறை வைக்கவில்லை. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஏரி அது. வெதுவெதுப்பான நீரிலிருந்து எழும் ஈரத்தை, கரீபியன் கடல் பக்கமிருந்து வரும் இரவுக்காற்று தெற்கே தள்ளிக்கொண்டுபோய் மலைச்சரிவில் மோதவிடும். கட்டாடும்போ ஆறு ஏரியில் கலக்கும் பகுதியில் விடிய விடிய மின்னும். சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 233 மின்னல் என்று 2016இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு கணக்கிட்டது. இடிச்சத்தம் எட்டாத தொலைவுக்கும் வெளிச்சம் எட்டும். அதனால் மாலுமிகள் அதை மரக்கைபோவின் கலங்கரை விளக்கம் என்றார்கள். ஏரி இருக்கும் சுலியா மாநிலத்தின் கொடியிலேயே அந்த மின்னல் இருக்கிறது. அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் படகேறிப் போய், தண்ணீருக்குள் கால் நட்டுக் கட்டிய வீடுகளில் இரவு தங்கினார்கள்.

அந்த வீட்டுக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று நாம் கேட்கவே இல்லை. மின்னல் பார்க்கப் பேர்போன கொங்கோ மிராடோர் என்ற தண்ணீர்மேல் ஊர் வண்டலால் தூர்ந்துபோனது. படகு போன இடத்தில் சேறும் புதரும் மண்டின. பலகையும் தகரமுமான வீடுகளைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். இயக்குநர் அனபெல் ரோட்ரிகெஸ் ரியோஸ் அதை ஆவணப்படமாக எடுத்து 2020இல் வெளியிட்டார். 2010 தொடக்கத்தில், வறட்சியில் மின்னல் சில வாரங்கள் நின்றபோது பதறிப்போய்ச் செய்தி போட்டவர்கள் நாம். ஓர் ஊரே காலியானபோது அந்தப் பதற்றம் நமக்கு வரவில்லை.

ஏரிக்கு வந்த கேடு பழையது. 1922இல் ஏரிக்கரை ஊரான கபிமாஸ் அருகே ஓர் எண்ணெய்க் கிணறு பீறிட்டு ஒன்பது நாள் அடங்காமல் கொட்டியது. ஏரிக்குள் துரப்பணமேடைகள் முளைத்தன. 1950களில் கப்பலுக்காக ஏரியைக் கடலோடு இணைக்கும் வாய்க்காலை ஆழப்படுத்தியதில் கடலின் உப்பு உள்ளே வந்தது. பராமரிப்பில்லாத குழாய்கள் இன்றும் கசிகின்றன. கரையேறும் மீனவர் கை கால்களில் அப்பிய தாரைப் பெட்ரோலைத் தொட்டுத் தேய்த்துக் கழுவுகிறார். வலையிலும் அதே கறுப்பு. வெனிசுவேலாவின் கச்சா எண்ணெயைப் பெருமளவில் வாங்கிய நாடுகளில் நம் நாடும் ஒன்று. ஆகவே இது எங்கோ நடக்கும் கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

2023இல் கழிவுநீரும் உரக்கழிவும் சேர்ந்து ஏரியில் பச்சைப்பாசி பரவியது. மேலிருந்து எடுத்த படங்களில் அது சுழிசுழியாகத் தெரிந்தது. அந்தப் படங்களையும் அழகாக இருக்கின்றன என்றே பகிர்ந்துகொண்டோம்.