ஜவ்ஹரும் பிளாங்க் அளவும்

இடத்தையும் காலத்தையும் பகுத்துக்கொண்டே சென்றால் ஓரெல்லையில் பகுப்பு நின்றுவிடும். இதனை நம் கலாம் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே 'ஜவ்ஹர் ஃபர்து' என்று கூறினர். பிளாங்க் அளவு என்னும் பெயரில் விஞ்ஞானம் அதனை நிரூபித்துவிட்டது - இவ்வாறு மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். இம்முழக்கம் செல்லாது என்கிறோம்.

செஞ்சிக் கோட்டையில் நவாப் சஆதத்துல்லா கான் எழுப்பிய பள்ளிவாசலைக் காணச் செல்வோர், அருகே திருநாதர்குன்றில் பாறையில் செதுக்கப்பட்ட 24 தீர்த்தங்கரர்களையும் கண்டு வரலாம். பக்கத்து மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் உளது. இடத்தின் பகுபடாக் கூறு 'பிரதேசம்'. ஓரணு ஒரு பிரதேசத்திலிருந்து அடுத்ததற்கு மெல்ல நகரும் நேரம் 'சமயம்', அதுவே காலத்தின் பகுபடாக் கூறு என்பது அவர்தம் கொள்கை. பிளாங்க் அளவு நமக்குச் சான்றாயின் அவர்கட்கும் சான்றே. மேடைப் பேச்சாளர் இதற்கு இசைவாரா?

நம்மவரேனும் ஒருமித்து நின்றனரா? அதுவுமில்லை. பஸ்ராவின் நஸ்ஸாம் எல்லையின்றிப் பகுக்கலாம் என்றார். அப்படியாயின் எறும்பு ஒரு செருப்பைக் கடந்து முடிப்பது எங்ஙனம் என்று மடக்கினர். இடையில் உள்ளவற்றைத் தாவிக் கடக்கிறது என்றார் அவர்! இப்னு ஸீனாவும் இப்னு ஹஸ்மும் பகுபடா அணுவை மறுத்தனர். திரிகைக் கல்லைக் காட்டியும் வாதிட்டனர். விளிம்பு ஓரணு அளவு நகர்கையில் அச்சின் அருகிலுள்ள பகுதி எவ்வளவு நகரும்? அதுவும் ஓரணு அளவாயின் இரண்டும் ஒரே வேகம். நகராதாயின் கல் பிளந்தாக வேண்டும். குறைவாயின் அணுவுக்கும் பகுதி உண்டு. அணுவாதிகள் சளைக்கவில்லை. கல் உண்மையாகவே பிரிந்து பிரிந்து சேர்கிறது, கண்ணுக்குத்தான் புலப்படவில்லை என்றனர். என்ன துணிவு! இந்த வாதச் செல்வத்தை மறைத்துவிட்டு வெற்றிக்கொடி மட்டும் நாட்டுவது அப்பெரியோர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இனிப் பிளாங்க் அளவு. ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, தம் பெயரிலான மாறிலி ஆகியவற்றை இணைத்து 1899இல் மாக்ஸ் பிளாங்க் கணக்கிட்ட அலகு அது. ஒரு மீட்டரைப் பத்தின் 35ஆம் அடுக்கால் வகுத்தால் வருவதில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதனை எவரும் அளந்தாரல்லர். அவ்வளவுக்குக் கீழே இன்றைய கோட்பாடுகள் கைகொடா என்பதுதான் அதன் பொருள். இடம் அங்கு முடிகிறது என்பதன்று. கல்லூரியில் இயற்பியல் பயிலும் நம் பிள்ளை முதலாண்டிலேயே இதனை அறிந்துகொள்வான். பிறகு அதே மேடையில் சொன்ன மற்றவற்றை அவன் எங்ஙனம் நம்புவான்?

சோதனை நடக்கவே இல்லை என்றும் கூறுவதற்கில்லை. 2009இல் ஃபெர்மி விண்தொலைநோக்கி, 700 கோடி ஆண்டுகட்கு மேல் பயணம் செய்து வந்த காமாக் கதிர்களைப் பதிவு செய்தது. இடம் மணல்போல் துகள்துகளாயிருப்பின் ஆற்றல் மிக்க ஒளி பிந்தலாம் என்பது ஒருசாரார் கணிப்பு. அத்தனை நெடும் பயணத்திற்குப் பின்னும் கதிர்கள் ஒரு வினாடிக்குள் வந்து சேர்ந்தன. துகள் கொள்கையின் எல்லா வகையும் இதனால் வீழ்ந்துவிடவில்லை. எளிய வகை ஒன்று பெரிதும் அடிபட்டது. இவ்வாறிருக்க, 'நிரூபணமாயிற்று' என்பதற்கு எந்தச் சோதனையை ஆதாரமாகக் காட்டுகிறார்கள் என்பதை அவர்களே அறிவிக்கட்டும்.